கழுவிக் கொடுத்த கம்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக இருந்திருக்கவே வேண்டாம். ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. "பூஞ்சைகள் ஆல்கலாய்டுகளை எப்படிச் செய்கின்றன, மரபணுக்கள் எப்படிக் கொத்தாக நின்று அந்த வேலையைப் பார்க்கின்றன, எளிமையாக எழுதுங்கள், படம் இரண்டு" என்றார். அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது பூஜ்யம். ஆனால் கணபதியில், பட்டறைகள் நிறைந்த எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, ரூத் என்றொரு பெண் இருக்கிறாள். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான்கு வருடமாகப் பூஞ்சையோடு மல்லுக்கட்டுகிறவள். போய்க் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினாள். அதில் ஒன்றரை மணி நேரம் ஒரு மாட்டைப் பற்றி. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

[ஆசிரியருக்கு: படம் இரண்டும் இருக்கிறது. ஒன்று கம்புக் கதிர், இன்னொன்று மாடு. கோபிக்க வேண்டாம்.]

2

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "கம்புப் பூ விரியும் நாளில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து காற்றில் வந்து அதன் சூலகத்தில்—" இது பத்தாம் வகுப்புப் பாடம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "பூஞ்சை வளர்க்கும் தட்டுகளை மறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போன ரூத், ஒரு வாரம் கழித்து ஆய்வகக் கதவைத் திறந்தபோது—" எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. விஞ்ஞானி லீவில் போவதும் தட்டில் அதிசயம் நடப்பதும் எத்தனை தரம் கேட்டது! அதோடு, ரூத் நான்கு வருடத்தில் ஒரு தட்டைக்கூட மறந்ததில்லை. அவளுடைய சிக்கலே அதுதான். அது பின்னால் வரும்.

மூன்றாவது: "டிசம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை, தெய்வாத்தாள் மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வந்தார்." இது தேவலை. இப்படியே போவோம்.

3

தெய்வாத்தாளுக்குக் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தில் கம்பு. நாலு மாடு. நவம்பரில் கம்பு பூத்திருந்தபோது, கதிரில் தேன்போல ஒழுகும் நோயைத் தேடிக்கொண்டு ரூத் அந்தக் கம்பங்காட்டுக்குள் போனாள். நாலைந்து கதிரிலிருந்து பிசினைத் துளித்துளியாக எடுத்துக் குப்பியில் அடைத்தாள். அந்தத் துளியிலிருந்து வளர்த்த பூஞ்சைதான் ஆய்வகத்தில் அவளுடைய முழுநேரச் சொத்து. அப்படித்தான் இருவருக்கும் பழக்கம்.

"கதிர் முத்துன பொறவு கொஞ்சம் கொண்டாந்து குடுங்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்று ரூத் கேட்டிருந்தாள். தெய்வாத்தாள் வந்துவிட்டார்.

"இவ்வளவு தூரம் எதுக்குங்கம்மா? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள் ரூத்.

"அதெப்படிங் அம்மணி, நீங்க வாய் விட்டுக் கேட்டு நான் குடுக்காம இருக்கறதா?"

பையைத் திறந்தால் கதிர்கள் பளிச்சென்று இருந்தன. கண்காட்சியில் வைக்கலாம்போல. ரூத்துக்கு ஒரு நொடி இடித்தது. நவம்பரில் பிசின் ஒழுகிய காடு அல்லவா? ஆனால் நடுவில் நல்ல மழை பெய்திருந்தது. மழை கழுவியிருக்கும், நோய் ஏறாமல் நின்றிருக்கும் என்று அவளே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டாள்.

தெய்வாத்தாள் வந்தது கதிர் கொடுக்க மட்டும் இல்லை.

"ஒண்ணு கேக்கோணுங்க. போன வருசம் எங்க காரி கன்னு போட்டும் மடி வத்தியே கெடந்துதுங்க. டாக்டர் வந்து ஊசி போட்டாரு, டானிக் குடுத்தாரு, ஒண்ணும் ஆவுல. பதினாறு நாள் பக்கத்துத் தோட்டத்துல பால் வாங்கியாந்து கன்னுக்கு ஊத்துனேன். அப்பயும் கன்னு தேறுல. போயிருச்சுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த வருசமும் கம்புதான் போட்டேன். இப்பச் செவலைக்கு எட்டாம் மாசம். தலை ஈத்து. இந்தக் கம்ப அதுக்குப் போட்டுப்போடலாங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்றதுதான் எனக்கு."

4

இந்த இடத்தில் கட்டுரைக்காரன் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும். (அவசரக்காரர்கள் ஐந்துக்குத் தாவலாம். ஆனால் ஐந்தில் நடக்கும் தப்பு இங்கேதான் முளைத்தது.)

பூஞ்சையின் மரபணுக்கள் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகக்கூடிய ஆல்கலாய்டு போன்ற சரக்கைச் செய்கிற மரபணுக்கள் மட்டும் பல பூஞ்சைகளில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. மரபணுக் கொத்து என்கிறார்கள். இதற்கு உவமை தேடிச் சோமனூர்த் தறிக்கூடம் வரை போய், பாவும் ஊடையும் என்று ஒரு பத்தி எழுதி, எனக்கே புரியாமல் கிழித்தேன். கடைசியில் ரூத்தான் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். எங்கள் தெரு. முதல் பட்டறைக்கு வார்ப்பு வருகிறது. அடுத்ததில் லேத்தில் கடைகிறார்கள். அதற்கடுத்ததில் துளை போடுகிறார்கள். கடைசியில் பெயின்ட். தெருவுக்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கரண்ட் வந்தால் எல்லாம் ஓடும், போனால் எல்லாம் நிற்கும்.

கம்பில் தேன் ஒழுகவைக்கும் பூஞ்சையிலும் இப்படி ஒரு தெரு உண்டு. முதல் மரபணுவின் நொதி, டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஐந்து கார்பன் உள்ள ஒரு துண்டை ஒட்டுகிறது. அடுத்தது அதில் ஒரு சின்ன ஒட்டு வேலை பார்க்கிறது. பின்னால் வருபவை ஒவ்வொன்றாக வளையங்களை மூடுகின்றன. கம்புப் பூஞ்சையில் தெருவின் கடைசிப் பட்டறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த மரபணுக்கள் எந்தக் காலத்திலோ உடைந்துபோயின. அதனால் சரக்கு அக்ரோகிளாவின் போன்ற நடுக்கட்டப் பொருள்களோடு நின்றுவிடுகிறது. இது நல்ல செய்திதான். ரை தானியத்தில் வளரும் இதன் பங்காளி கடைசிவரை போய்ச் செய்கிற சரக்கு, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மனிதர்களின் கைகால்களை அழுகவைத்தது.

[பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து கிடைத்ததும் அதே பங்காளியிடமிருந்துதான். ஆகவே ஒரேயடியாகத் திட்ட முடியாது.]

ஆனால் பாதிச் சரக்குக்கும் ஒரு குணம் உண்டு. பாலைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனை அது அடக்கிவிடக்கூடும். காரியின் மடி வற்றியதற்கு அது காரணமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஏனென்றால் ரூத் வளர்த்த பூஞ்சை ஆய்வகத்தில் அக்ரோகிளாவினைச் செய்யவே இல்லை. ஆல்கலாய்டு இருந்தால் நீலமாக மாறும் ஒரு வினைப்பொருளைச் சொட்டிச் சொட்டிப் பார்த்தாள். மாறவில்லை. மரபணுக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, கரண்ட்தான் இல்லை. அவளுடைய பேராசிரியர் லட்சுமிநாராயணன், "இந்த ரகத்துல கொத்து தூங்குது. அதையே ஒரு அத்தியாயமா எழுதும்மா" என்று சொல்லிவிட்டார்.

5

தெய்வாத்தாள் கொடுத்த கதிர்களை ரூத் அரைத்தாள், கரைத்தாள், வடிகட்டினாள், சொட்டினாள். நீலம் வரவில்லை. தூங்குகிற கொத்து, சுத்தமான கதிர். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போன் செய்தாள்.

"போடலாங்கம்மா. அதுல ஒண்ணும் இல்லீங்க."

"நீங்க நல்லா இருக்கோணும் அம்மணி" என்றார் தெய்வாத்தாள்.

5 (மறுபடியும்)

மேலே உள்ள ஐந்தாம் பகுதி என் முதல் வரைவில் இல்லை.

முதல் வரைவில் ரூத், "இன்னும் சில சோதனைகள் செய்து பார்க்க வேண்டும்" என்று எச்சரிக்கையாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். அவள் நல்ல பெண். எங்கள் தெருப் பெண். வாசகர் அவளைக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு பதைப்பு. வரைவை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்குங்க அண்ணா. ஆனா இது நான் இல்லீங்க."

"ஏன்?"

"போடலாம்னு சொன்னது நான்தானே? அத எடுத்துட்டா இந்தக் கதையில என்னங்க இருக்கு?"

திரும்ப வந்து எழுதியதுதான் மேலே இருப்பது. எழுதக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

6

பட்டிப் பொங்கலுக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, தெய்வாத்தாள் கூப்பிட்டிருந்தார். ரூத் வீட்டில் கிறிஸ்தவர்கள், ஊர்ப்பேச்சில் வேதக்காரர்கள். பட்டிப் பொங்கல் அவள் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாடு கட்டும் இடத்துக்கு அங்கே கட்டுத்தரை என்று பேர். நடுவில் மண்ணால் சின்னக் குளம் கட்டி, மாடுகளை அதில் கால் வைத்து மிதித்துப் போகவிடுவார்கள். வாசலில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. செவலை கொம்பில் சாயம் பூசிக்கொண்டு, பெரிய வயிற்றோடு, ஒரு முறத்தில் வாயை வைத்து ஆற அமர மென்றுகொண்டிருந்தது.

ரூத் முறத்தைப் பார்த்தாள். கதிர்கள் அழுக்குப் பழுப்பில் பிசுக்கேறிக் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. மணிக்கு மணி நடுவே கருப்பாக, கூர்மையாக, வேறு ஏதோ முளைத்து நீட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சை முத்தினால் அப்படித்தான் இருக்கும். அந்தக் கருப்பு மணியில்தான் சரக்கு அதிகம்.

"இது எந்தக் கம்புங்கம்மா?"

"நம்ம காட்டுதுதாங்க. நல்ல கதிரையெல்லாம் ஊட்டுக்கு எடுத்துக்கிட்டு, சீக்குக் கதிர மாட்டுக்குன்னு ஒதுக்கிப்போட்டேன். நீங்கதான் போடலாம்னு சொல்லிப்போட்டீங்களே."

"எனக்குக் கொண்டாந்து குடுத்தது?"

"அதும் இதே சீக்குக் கதிருதாங்க. நீங்க சீக்கத்தான பாக்கோணும்னீங்க?" தெய்வாத்தாள் சாதாரணமாகத்தான் சொன்னார். "ஆனா இப்படியேவா ஒருத்தருக்குக் குடுக்கறது? தண்ணீல அலசி, ஈரத்துணியில தொடச்சு, கருப்பு மணியப் பூராம் ஊசியில நோண்டி எடுத்துப்போட்டுத்தானுங்க கொண்டாந்தேன். ரெண்டு நாள் ஆச்சு. காலேஜுல நாலு பேரு பாக்கற எடம். எறும்போட கொண்டாந்து நீட்டுனா என்ன நெனைப்பாங்க?"

7

எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சந்தேகம். நோயைக் காட்ட வந்தவர் நோயைக் கழுவிக்கொண்டு வருவாரா? நீங்கள் நம்புவீர்களா? தெய்வாத்தாளைக் கொஞ்சம் கெட்டிக்காரியாக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, காய்ச்சலில் கிடந்த என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முன் எங்கள் அம்மா முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டிவிட்டது ஞாபகம் வந்தது. டாக்டர், "பையன் நல்லாத்தானே இருக்கான்" என்றார். தெய்வாத்தாளை அப்படியே விட்டுவிட்டேன்.

ரூத்துக்கு வேறு யோசனை ஓடியது. அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறாள். 'ஈரக் கம்பு, பூசணம் புடிச்சுரும், இனிமே போடாதீங்கம்மா' என்று ஏதாவது சொல்லி முறத்தை எடுத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. கதிரைக் கழுவியது அவர்தானே? தன்மேல் தப்பே இல்லை. இவ்வளவும் நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முறத்தைச் செவலையின் வாயிலிருந்து இழுத்து அப்பால் வைத்தாள்.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க. பால வத்தவெக்கற சாமான் இதுல இருக்கும்னு நெனைக்கிறேன். சரியாப் பாக்காம போடலாம்னு சொல்லிட்டேன்."

தெய்வாத்தாள் முறத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அடுப்பில் பொங்கல் பொங்கி வழிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இருவது நாளாப் போட்டுப்போட்டனே" என்றார். பிறகு, ரூத் அதுவரை அவரிடம் கேட்டிராத குரலில், "கழுவுனீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க அம்மணி" என்றார்.

கோபத்திலும் அந்த 'ங்க' விழவில்லை. ரூத்துக்கு அதுதான் அதிகமாகச் சுட்டதாம்.

அப்புறம் இரண்டு பேரும் தப்புக்குச் சண்டை போட்டார்கள். என் தப்புங்க, இல்லீங்க என் தப்புங்க, நீங்க படிச்சவிங்க ஆனா கழுவுனது நானுங்க, நீங்க கழுவுவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமுங்க. வேறு ஊரில் தப்பை எதிராளி தலையில் கட்டுவார்கள். இங்கே ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் ரூத், "எனக்குத் திருப்பியும் கதிர் வேணுங்கம்மா. கழுவாம" என்றாள்.

8

அடுத்த திங்கட்கிழமை தெய்வாத்தாள் ஆய்வக வாசலில் நின்றார். பையை முந்தானைக்குள் மறைத்திருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே எடுத்தார்.

"இத இப்படிக் குடுக்கறதுக்குக் கை கூசுதுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார். எறும்பு இரண்டு ரூத்தின் மணிக்கட்டில் ஏறின.

அன்று மத்தியானம் சோதனைக் குழாய் நீலமானது. மைக்கூட்டில் தோய்த்ததுபோல நல்ல நீலம். தெய்வாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருடமாக விடை தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டது. அதுவே தெய்வாத்தாளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "அப்பக் காரி மேல தப்பில்லீங்களா? ராசியில்லாத மாடுன்னு ஊரே பேசுச்சுங்களே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படிப் பேசிய பேச்செல்லாம் காரி காதில் விழாதது நல்லது.

சரி, கதிரில் செய்கிற வேலையை ஆய்வகத் தட்டில் இந்தப் பூஞ்சை ஏன் செய்யவில்லை? ரூத் தன் நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் புதுத் தட்டு. புதுச் சர்க்கரை, புதுப் பாஸ்பேட். பூஞ்சைக்கு அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பாஸ்பேட் தாராளமாக இருக்கும்வரை இந்த வகைப் பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆல்கலாய்டுத் தெருவுக்குக் கரண்ட் விடாது. பசி வந்தால்தான் விடும். புத்தகத்தில் இருக்கிற விஷயம், அவளே படித்த விஷயம். இருந்தும் வாடவிட மனசு வரவில்லை.

[கழுவிக் கொடுத்தவர் ஒருவர், ஊட்டி வளர்த்தவள் ஒருத்தி. இவ்வளவு பொருத்தமாக அமைவது எனக்கே உறுத்துகிறது. நானாகக் கட்டியிருந்தால் ஒன்றை எடுத்திருப்பேன். நடந்தது இது.]

பாஸ்பேட்டைக் குறைத்து, கொஞ்சம் டிரிப்டோபேன் சேர்த்து, பதினைந்து நாள் தொடாமல் வைத்தாள். தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். பதினைந்தாம் நாள் நீலம். லட்சுமிநாராயணன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூங்கலையா அப்ப? நாமதான் தூங்கினோமா?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தியாயம் முதலிலிருந்து எழுத வேண்டும். ரூத் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

9

இனி முடிவு. இதற்கும் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. செவலை கன்று போடுகிறது, பால் சொம்பு நிறைந்து நுரைக்கிறது, தெய்வாத்தாள் சீம்பால் கிண்டி ரூத் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அனுப்புகிறார். (ஆசை. வேறொன்றும் இல்லை.)

ஆ. மடி வற்றியே கிடக்கிறது. ரூத் அந்தப் பக்கமே போவதில்லை. (இப்படி முடித்தால் ஆழமான எழுத்தாளன் என்பார்கள். ஆனால் ரூத் போகாமல் இருக்கிறவள் அல்ல.)

இ. "பல வருடங்கள் கழித்து, ரூத் அந்தத் தோப்பின் வழியாக—" வேண்டாம்.

உண்மை என்னவென்றால், எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பிப்ரவரிக் காலையில் எனக்கு முடிவு தெரியாது. ரூத்திடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "நிறுத்திட்டா மடி திரும்பலாங்க. கன்னு போடறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டோம், மூணு வாரம் ஆச்சு. திரும்பும்னு நம்பறேன். ஆனா போடலாம்னு சொன்ன மாதிரி திரும்பும்னு சொல்ல மாட்டேனுங்க."

காலை ஏழரைக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. 'கன்னு போட்டாச்சுங்க. கெடாரி, பொட்டைக் கன்னு. தெய்வாத்தாம்மா போன் பண்ணாங்க. உக்கடத்துல பஸ் ஏறிட்டேன்.' போனில் அவர் சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தாள்: 'நான் இன்னும் மடியில கை வெக்கலீங்க. நீங்க வந்து உங்க கையால பாருங்க. பால் வந்தாலும் நோட்டுல எழுதிக்கோங்க, வல்லீனாலும் எழுதிக்கோங்க.'

இதை இரண்டு தரம் படித்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஊசியால் நோண்டிக் கருப்பு மணியை மறைத்த அதே மனுஷி.

பத்து மணிக்குள் இதை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். பஸ் இந்நேரம் கிணத்துக்கடவை நெருங்கியிருக்கும். ரூத் இறங்கி, தோப்பு வழியாக வேகவேகமாக நடப்பாள். கட்டுத்தரையில் செவலை கன்றை நக்கிக்கொண்டிருக்கும். ஈரம் காயாத கன்று, முன்கால் மடங்கி மடங்கி விழுந்து, மறுபடி எழுந்து, மடியைத் தேடும். தெய்வாத்தாள் சொம்பை நீட்டுவார். கணபதியில் பாக்கெட் பால் வாங்கியே வளர்ந்த பெண் முதல்முறையாக ஒரு மாட்டின் அடியில் குந்துவாள். காம்பு விரலுக்குச் சூடாக இருக்கும். எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாது. "மேல புடிச்சுக் கீழ எறக்குங் அம்மணி" என்று தெய்வாத்தாள் சொல்லிக்கொடுப்பார். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

இதுவரைதான் என்னால் வர முடியும். நீங்கள் இதைப் படிக்கும் நாளில் எப்படியும் நடந்து முடிந்திருக்கும். எனக்கும் முன்னால் ஒரு முடிவை எழுதி வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அந்த மாட்டுக்குப் பக்கத்தில் குந்துங்கள். சொம்பைச் சாய்க்காமல் பிடியுங்கள். கன்று முட்டுகிறது, ரூத் விரலை மடக்குகிறாள்.